குட்டைச் சுமைதாங்கி

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஏதோ ஒரு தேர்வுக்காகத் தினமும் சாயங்காலம் ஆங்கில வார்த்தைகளை உட்கார்ந்து படிப்பாள். வார்த்தையை மட்டும் மனப்பாடம் செய்தால் மறந்துவிடுகிறதாம். வீட்டில் நடந்த ஒன்றை உதாரணமாகச் சேர்த்துக்கொண்டால் நிற்கிறதாம். அந்த உதாரணத்துக்கு என்னைப் பிடித்துக்கொள்வாள். நான் ஐந்தாவதோடு நின்றவன். எனக்குத் தெரிந்த ஆங்கிலமெல்லாம் லோடு, பஞ்சர், கரண்டு, லீவு என்று வேலைக்குப் போகிற இடத்தில் ஒட்டிக்கொண்டு வந்தவை.

அன்றைக்கு வந்த வார்த்தை ‘பர்டன்’.

“பர்டன்னா சுமைப்பா. தலைல தூக்கற கனத்துக்கும் சொல்லலாம். மனச வுட்டுப் போவாத கவலைக்கும் சொல்லலாம். ரெண்டுத்துக்கும் ஒண்ணொண்ணு சொல்லு.”

“லோடுன்னு எழுதினா ஆவாதா?” என்று கேட்டேன்.

“லோடு லாரிக்குப்பா. எறக்கிட்டா தீந்துது. இது அப்டி இல்ல. எந்த எடத்துல எத போடணும்னு பாத்துப் போடணும்.”

எனக்கு உடனே ஒரு கல் நினைவுக்கு வந்தது. ஆனால் மனசுக்கு வந்தது வாய்க்கு வர எனக்கு எப்போதும் நேரமாகும். அவள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டாள். அவளிடம் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர், பெருநகர் கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஊர் ஒரு பக்கம், எங்கள் காலனி ஒரு பக்கம், நடுவில் வயல். வயலை அறுத்துக்கொண்டு ஒரு வண்டிப்பாதை போகும். அறுப்புக் காலத்தில் காலனிப் பெண்கள் அந்தப் பாதையில்தான் நெற்கட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வயலிலிருந்து களத்துக்கு நடப்பார்கள். தலையில் சுமை ஏற்றியவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. நடுவழியில் கீழே போட்டுவிட்டால் மறுபடி தூக்கிவிட ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாத இடத்தில் இறக்கினால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். அதனால் யாரும் இறக்க மாட்டார்கள்.

எனக்கு எட்டு வயசு. மூன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா நிறைமாதமாக இருந்தாள். தை மாத அறுப்பு. நிறைமாதம் என்று வீட்டில் உட்காருகிற வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது. வலி கண்டால்தான் உட்காருவார்கள்.

அன்றைக்கு அம்மா மற்றவர்களுக்குப் பின்னால் தனியாக வந்தாளாம். பாதையில் ஒரு பனைமரத்தைப் பிடித்துக்கொண்டு, தலையில் கட்டோடு, கொஞ்ச நேரம் நின்றிருக்கிறாள். முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்குகிறாள் என்று நினைத்துவிட்டார்கள். பிறகு அவளாகவே நடந்து களத்துக்கு வந்து சேர்ந்தாள். களத்தில் கட்டடித்துக்கொண்டிருந்த என் நைனாதான், அதாவது அப்பாதான், அவள் தலையிலிருந்து கட்டை இறக்கினார். அவள் அவரிடம், “இன்னும் ஒரு நட கீது, போட்டுட்டு வந்துர்றன்” என்று சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டி கட்டினார்கள். வண்டி பாதி வழியிலேயே திரும்பி வந்தது.

பள்ளிக்கூடத்திலிருந்து என்னை யாரோ கூப்பிட்டுக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் மேல் போர்த்தியிருந்த புதுப்புடவை வயிற்றில் மேடாக இருந்தது. தம்பி இன்னும் உள்ளேதான் இருக்கிறான், அவனை எப்போது எடுப்பார்கள் என்று நான் ஒருவரிடம் கேட்டேன். கேட்டது யாரிடம் என்று மறந்துவிட்டது. அவர்கள் எழுந்து போனது மட்டும் நினைவிருக்கிறது.

காரியம் முடிந்ததும் வந்தவர்கள் கலைந்தார்கள். நைனாவின் அக்கா, என் அத்தை, காவாந்தண்டலத்திலிருந்து வந்தவள், எங்களுக்குச் சோறாக்கிப் போட அங்கேயே தங்கிவிட்டாள். அத்தை வாய்க்காரி. அம்மா இருந்தபோது, “எந்தம்பி பனமரம், அவ பக்கத்துல மொளச்ச கத்திரிச்செடி” என்று கிண்டல் செய்துகொண்டே இருப்பாள். நைனா நல்ல நெட்டை. அம்மா அவருடைய மார்புக்குக்கூட வரமாட்டாள். அம்மா போன பிறகு அத்தை அந்தக் கிண்டலை விட்டுவிட்டாள். சுமைதாங்கிப் பேச்சை எடுத்தவளும் அவள்தான்.

“வயித்துல புள்ளையோட போனவ சொமையோட போயிட்டா. அவளுக்கு ஒரு சொமதாங்கி நடணும். வழில போறவங்க அதுல எறக்கி வச்சு எளப்பாறினாத்தான் அவ பாரம் எறங்கும்” என்றாள்.

அப்போதே அந்த வழக்கம் குறைந்துகொண்டிருந்தது. “இந்தக் காலத்துல எவன் நடறான்?” என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, கல் லாரியில் லோடு ஏற்றுகிற வேலையில் இருந்தார். அவர் மட்டும், “கல்லு நான் கொண்டாறன் மாமா. ஒசரம் எவ்ளோன்னு சொல்லு, போதும்” என்று நைனாவிடம் சொன்னார்.

வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நைனா யோசித்த மாதிரியே தெரியவில்லை. வலது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி, காற்றில் ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கே ஏதோ இருக்கிறது போலவும், அதன் மேல் கையை வைப்பது போலவும் மெதுவாக வைத்தார்.

மாமா அவர் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “இன்னா மாமா, இம்மாந்தானா? நீ குனிஞ்சுதான் எறக்கணும்.”

“இம்மாம் போதும்.”

“மண்ணுக்குள்ள போறத சேத்தா?”

“மேல நிக்கறதச் சொல்றன்.”

மாமா ஒரு குச்சியை எடுத்து நைனாவின் கை வரைக்கும் நிறுத்தி ஒடித்து, தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

ஜல்லி ஏற்றிவந்த ஒரு லாரியின் மேல் மூன்று கற்கள் வந்தன. நிற்க இரண்டு, குறுக்கே படுக்க ஒன்று. அம்மா பிடித்துக்கொண்டு நின்ற பனைமரத்துக்குப் பக்கத்தில் நைனாவும் மாமாவும் குழி எடுத்து நட்டார்கள். அத்தை மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டோம். வீட்டுக்குத் திரும்பும்போது அத்தையிடம், “இனிமே அம்மாக்குக் கனக்காதா?” என்று கேட்டேன்.

“ஒடனே எப்டிடா கண்ணு? ஆராவது எறக்கி வைக்கணும். ஒவ்வொருத்தரு எறக்க எறக்க, உங்கம்மாவுக்கு அம்மாங்கொஞ்சம் கொறையும்.”

நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் நேராகப் பனைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். யாராவது சுமையோடு வருகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. வந்தார்கள். புல்லுக்கட்டு, விறகு, எருக்கூடை, உர மூட்டை என்று வந்துகொண்டேதான் இருந்தார்கள். இறக்கினவர்கள்தான் குறைவு.

எங்கள் தெரு ஆட்கள் இரண்டு பேர் ஒரு நாள் வைக்கோல் கட்டோடு வந்தார்கள். ஒருவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

“இன்னாய்யா இது, ஆடு மோந்து பாக்கற ஒசரத்துல நட்டுகீறான்? இதுல எறக்கினா மறுபடி ஏத்த உங்கப்பன்தான் வரணும்.”

“அவன் அன்னிக்கி இருந்த இருப்புல அளவு தப்பிட்டான். வுடு. புள்ள ஒக்காந்துகினு கீது பாரு.”

“புள்ளைக்கி நட்ட சொமதாங்கியா இருக்கும்” என்று சொல்லிவிட்டு, நான் இருப்பது அப்போதுதான் உறைத்தது போல முதலில் பேசியவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். போகும்போது, “வூட்டுக்குப் போடா, இருட்டப்போவுது” என்றார்.

எங்கள் தெருப் பெண்கள் சிலர் இறக்கினார்கள். அவர்களிலும் உயரமானவர்கள் முட்டியை மடக்கி ஒருமுறை சிரமப்பட்டுவிட்டு மறுமுறை வராமல் போனார்கள். ஊர்க்காரர்கள் யாருமே அந்தப் பக்கம் வரவில்லை. கல் வந்ததிலிருந்து பாதையின் மறு ஓரமாக ஒதுங்கிப் போனார்கள். எல்லாவற்றுக்கும் உயரம்தான் காரணம் என்று நான் முடிவு செய்துகொண்டேன். வேறு காரணமும் உண்டு என்பது தெரிகிற வயசு இல்லை.

பள்ளிக்கூடத்தில் அதற்குக் குட்டைக் கல் என்று பேர் வைத்துவிட்டார்கள். அதை நான் பொறுத்துக்கொண்டேன். அம்மா அங்கே தலையில் கட்டோடும் வயிற்றில் தம்பியோடும் நின்றுகொண்டே இருக்கிறாள் என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. சோறு தின்னும்போது அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்காது. நைனாவிடம் கேட்கப் பயம். அவரும் ஒருநாள்கூட அதில் இறக்கியதில்லை. சாயங்காலம் புல்லுக்கட்டோடு வருவார். கல்லுக்கு எதிரில் நிற்பார். ஒரு கை தலைச்சுமையைப் பிடித்திருக்கும். இன்னொரு கையைக் கல்லின் மேல் வைப்பார். பிறகு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அளவு தப்பிய ஆள், தன் தப்பைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தத் தப்பை நானே சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஏரிக்கரையில் ஒரு பழைய செங்கல் சூளை இருந்தது. உடைந்த கல் வேண்டிய மட்டும் கிடக்கும். வீட்டிலிருந்த அலுமினியப் பேசினை எடுத்துக்கொண்டு போய், என்னால் தூக்க முடிந்த அளவு போட்டுக்கொண்டு, தலையில் வைத்து எடுத்துவருவேன். சுமைதாங்கியின் மேல் இறக்கலாம் என்று பார்த்தால் எனக்கு அது எட்டவில்லை. பெரியவர்களுக்குக் குட்டை, எனக்கு நெட்டை. ஒரு கல்லைப் போட்டு அதன் மேல் ஏறி நின்று இறக்குவேன். நான் இறக்குவதும் கணக்கில் சேரும், அம்மாவுக்குக் கொஞ்சம் குறையும் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஏரி மண்ணைக் குழைத்து மேல் கல்லின் மீது வரிசையாக அடுக்கினேன். சில நாள் பிடித்தது. அத்தை, “எங்கடா போயி இப்டி மண்ணுல பொரண்டுகினு வர்ற?” என்று திட்டுவாள். சொல்லமாட்டேன். மூன்று வரிசை ஏறியதும் தள்ளி நின்று பார்த்தேன். இப்போது அது மற்ற ஊர்ச் சுமைதாங்கிகள் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த நாளே பலன் கிடைத்தது. எங்கிருந்தோ ஒரு பாய் வியாபாரி வந்தார். கோரைப்பாய்ச் சுருட்டுகளைத் தலையில் அடுக்கிக்கொண்டு வந்தவர், கல்லைப் பார்த்ததும் நேராக வந்து, நின்றபடியே சுமையை அதன் மேல் நகர்த்தினார். தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“தண்ணி கெடைக்குமா கண்ணு?”

நான் ஓடினேன். சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தேன். அண்ணாந்து குடித்துவிட்டு, “ஆருக்கு நட்டது?” என்று கேட்டார்.

“எங்கம்மாவுக்கு.”

அவர் சொம்பைக் கீழே வைத்தார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். “மகராசி” என்றார். சுமையை மறுபடி தலைக்கு நகர்த்திக்கொண்டு போனார். யாரும் தூக்கிவிட வேண்டியிருக்கவில்லை. அவர் திருப்பத்தில் மறைகிற வரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அவ்வளவு பெரிய சுமை. அம்மாவுக்கு இன்றைக்கு நிறையவே குறைந்திருக்கும்.

சாயங்காலம் நைனா வரும்போது எதிரே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கல்லைப் பார்த்துவிட்டார். புல்லுக்கட்டைப் பாதையிலேயே கீழே போட்டார். அவர் அப்படிப் போட்டு நான் பார்த்ததில்லை.

“ஆருடா வச்சது?”

“நான்தான் நைனா. இன்னிக்கி ஒருத்தரு எறக்கினாரு. பாய்க்காரரு. பெரிய சொம.”

நைனா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஒவ்வொரு செங்கல்லாக எடுத்தார். தூக்கி எறியாமல் பனைமரத்தடியில் அடுக்கினார். என் மண் கலவை அப்படியொன்றும் பிடித்திருக்கவில்லை, லேசாகவே வந்தது. கடைசியில் மேல் கல்லில் ஒட்டியிருந்த சேற்றைத் துண்டால் துடைத்தார்.

நான் அழுதுகொண்டே, “இப்டி இருந்தா ஆரும் எறக்க மாட்டேன்றாங்க நைனா” என்றேன்.

“எறக்காட்டி போவட்டும்.”

“அம்மாக்குக் கனக்கும்.”

அவர் கை நின்றது. அப்புறம் மறுபடி துடைத்தார். “இது இந்த ஒசரந்தான் இருக்கணும்” என்றார்.

“ஏன்?”

அவர் கீழே கிடந்த புல்லுக்கட்டைக் காட்டி, “ஒரு கை புடி” என்றார். நான் பிடித்த பிடி எதற்கும் உதவியிருக்காது. அவர் தானே முழங்காலில் ஏற்றி, மார்பில் ஏற்றி, தலைக்குக் கொண்டுபோனார். அன்றைக்கு ராத்திரி அத்தை சோறு போட்டுவிட்டு நைனாவிடம், “ஏன்டா, அளவு தப்பிப்போச்சுன்னு அந்தப் புள்ளைக்குக்கூடத் தெரியுது. உனக்கு இன்னா வீம்பு?” என்று கேட்டாள். நைனா தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு நடக்கவில்லை.

நான் ஐந்தாவது முடித்ததும் மாடு மேய்க்கப் போனேன், பிறகு கூலி வேலைக்குப் போனேன். அந்தப் பாதையில் நானும் சுமை தூக்கி நடந்தேன். களத்துக்கு டிராக்டர் வந்தது, அப்புறம் அறுக்கிற மெஷினே வந்தது. தலைச்சுமை என்பதே அந்தப் பக்கத்தில் நின்றுபோனது. அத்தை போனாள். நைனாவும் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. கல் மட்டும் அங்கேயே நிற்கிறது. வண்டிப்பாதை தார் ரோடு ஆகி மேலே உயர்ந்துவிட்டது. கல் நிற்கிற இடம் பழைய மட்டத்திலேயே, ரோட்டுக்குக் கீழே, பனைமரத்தோடு இருக்கிறது.

மகள் அந்த ஆங்கில வார்த்தையைக் கேட்டதற்கு மறுநாள் காலையில் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போயிருந்தேன். பஸ் அந்தப் பனைமரத்துக்கு எதிரில்தான் நிற்கும். பஸ் வர நேரமாயிற்று. வெயிலுக்காக அவள் ரோட்டிலிருந்து இறங்கிப் பனைமர நிழலில் போய் நின்றாள். புத்தகப் பை தோளை இழுத்திருக்க வேண்டும். திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தோளிலிருந்து நழுவவிட்டாள். பை கல்லின் மேல் உட்கார்ந்தது. அவள் குனியவும் இல்லை, எக்கவும் இல்லை. தோளும் கல்லும் ஒரே மட்டம்.

என் மகள் குள்ளம். பிறந்ததிலிருந்தே எங்கள் தெருவில் எல்லோரும் என் அம்மாவை நினைத்து, அவ ஆயா ஒசரந்தான் வருவா என்று சொல்லிவந்தார்கள். அப்படியே வந்துவிட்டாள்.

வாசலில் நின்று நைனா காற்றில் கையை வைத்த விதம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கைக்குக் கீழே யாருடைய தோள் இருந்தது என்பதும் தெரிந்தது. பஸ் வந்தது. மகள் பையை மாட்டிக்கொண்டு, “இன்னாப்பா, ஒரு மாதிரி கீற?” என்று கேட்டுவிட்டு ஏறிப் போனாள்.

இன்னும் ஒன்று உண்டு. எனக்குப் பன்னிரண்டு பதிமூன்று வயசு இருக்கும்போது அந்தக் கல் என் தோளுக்குச் சரியாக இருந்தது. அதற்கு முன்னால் எட்டாது. அடுத்த அறுப்புக்குள் நான் வளர்ந்து, அது எனக்கும் குட்டையாகிப்போனது. நடுவில் அந்த ஓர் அறுப்புக்காலம் மட்டும், தலையிலிருந்து கட்டை நின்றபடியே அதன் மேல் நகர்த்தி, நின்றபடியே எடுத்துக்கொள்வேன். அப்படி இறக்கிவிட்டு நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது சில நாள் நைனா களத்திலிருந்து எதிரே வருவார். தூரத்தில் என்னைப் பார்த்ததும் நின்றுவிடுவார். கையை நெற்றிக்கு மேல் குடையாகப் பிடித்துக்கொண்டு, அங்கேயே வெகுநேரம் நிற்பார். வெயில் கண்ணில் அடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு, நான் கட்டைத் தூக்கிக்கொண்டு நடப்பேன்.